கையடக்கக் கேமராவில் 4கே வீடியோ தேவையா என்று கண்டறிவது எப்படி?

ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு ஃபிரேமில், அதாவது ஒரு தனிப் படத்தில், 1920 × 1080, ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் (படத்தின் மிகச்சிறு புள்ளிகள்) உள்ளன. 4கே என்பது 3840 × 2160. ஏறத்தாழ 83 லட்சம். பிக்சல்கள் நான்கு மடங்கானால் தெளிவும் நான்கு மடங்காகிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா என்பது எடுக்கும் வீடியோவை எங்கே, எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எனவே கேமராவைப் பார்க்கும் முன் அளவுநாடாவை எடுங்கள். டிவி திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் அமர்ந்தால், இயல்பான பார்வை உடையவரால் ஃபுல் எச்டியின் தனித்தனிப் பிக்சல்களைப் பிரித்தறிய இயலாது. 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 செ.மீ.; ஆகவே அந்த எல்லை ஏறத்தாழ 2.2 மீட்டர். உங்கள் நாற்காலி அதற்கும் பின்னால் இருக்குமானால் 4கேயின் கூடுதல் நுணுக்கத்தில் பெரும்பகுதி உங்கள் கண்ணை எட்டப்போவதில்லை. கைபேசியில் மட்டுமே பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் வேண்டியதில்லை.

ஆனால் 4கே வீண் என்று இதற்குப் பொருளல்ல. அதன் உண்மையான பயன் எடிட்டிங்கில் இருக்கிறது. ஃபுல் எச்டியாக வெளியிடப்போகும் வீடியோவை 4கேயில் எடுத்தால், சாய்ந்த காட்சியை நிமிர்த்தவும், ஓரத்தில் நிற்பவரை நடுவுக்குக் கொண்டுவரவும், தெளிவை இழக்காமல் வெட்டிக்கொள்ளவும் இடம் கிடைக்கும். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது: பெரும்பாலான கையடக்கக் கேமராக்கள் நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல் என்ற கணக்கில்தான் வீடியோவைச் சேமிக்கின்றன. 4கேயை ஃபுல் எச்டியாகச் சுருக்கும்போது நான்கு பிக்சல்கள் ஒன்றாகி, ஒவ்வொரு பிக்சலுக்கும் அதற்குரிய நிறம் கிடைப்பதால், அதே கேமராவில் நேரடியாக எடுத்த ஃபுல் எச்டியைவிட அது பெரும்பாலும் நேர்த்தியாக அமைகிறது. எடிட்டிங் செய்யும் எண்ணமே இல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தமக்குரியதல்ல என்று தள்ளிவிடலாம்.

அடுத்து சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. பல சிறு கேமராக்களில் உள்ள 1/2.3 அங்குல வகை சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. மட்டுமே, ஓர் அங்குல வகை 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் ஏறத்தாழ நான்கு மடங்கு. (இந்த ‘ஓர் அங்குலம்’ பழைய கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்த பெயர், சென்சாரின் எந்தப் பக்கமும் அந்த அளவில் இல்லை.) மங்கிய ஒளியில் சிறிய சென்சாரின் 4கே வீடியோவில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும், அதை மறைக்கக் கேமரா படத்தை மென்மையாக்குவது, கூடுதல் பிக்சல்கள் தரவேண்டிய நுணுக்கத்தையும் சேர்த்தே அழித்துவிடும். வீட்டுக்குள் அதிகம் எடுப்பவராயின், 4கே என்ற எழுத்தைவிட சென்சாரின் அளவுக்கும் லென்ஸின் ஒளிவாங்கும் திறனுக்கும் முதலிடம் கொடுங்கள்.

கடையில் உங்கள் மெமரி கார்டைப் போட்டு, ஒரே காட்சியை நடந்துகொண்டே இருமுறை எடுங்கள்: ஒருமுறை 4கேயில், மறுமுறை ஃபுல் எச்டியில். சில கேமராக்களில் 4கேக்கு மாறியதும் காட்சியின் அகலம் குறுகும்; மின்னணு அதிர்வுத் தடுப்பு வலுவிழக்கும் அல்லது முற்றாக நின்றுவிடும். ஆட்டம் நிறைந்த 4கேயைவிட நிலையான ஃபுல் எச்டியே பார்க்கத் தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. செங்கல் சுவரையோ கோடு போட்ட சட்டையையோ எடுத்து, அதில் இல்லாத வண்ண அலைகள் தோன்றுகின்றனவா என்றும் பாருங்கள். தொடர்ந்து எத்தனை நிமிடம் 4கே எடுக்கலாம் என்பதைக் கையேட்டில் தேடுங்கள். சிறிய உடலுக்குள் வெப்பம் வெளியேற வழி குறைவு என்பதால், ஐந்து அல்லது பத்து நிமிடங்களில் நின்றுவிடும் கேமராக்கள் உண்டு.

சேமிப்புக் கணக்கு எளிது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே, நிமிடத்துக்கு 750 எம்பி இடத்தை எடுக்கும். 64 ஜிபி கார்டு 85 நிமிடங்களில் நிறைந்துவிடும். கார்டில் வி30 (நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் வேகம்) என்ற குறி இருந்தால் அந்த வேகத்துக்குப் போதும்.

இவற்றுக்குப் பிறகும் முடிவெடுக்க இயலாவிட்டால், 4கேயும் நொடிக்கு 50 அல்லது 60 ஃபிரேம் ஃபுல் எச்டியும் உள்ள கேமராவைத் தேர்ந்தெடுத்து, ஓடியாடும் குழந்தைகளை இரண்டாவதிலும், முக்காலியில் வைத்து எடுக்கும் அசையாத காட்சிகளை முதலாவதிலும் எடுங்கள்.