கோடைப் பயணத்துக்குத் துணி எடுத்து வைப்பது எப்படி: வேலூர்க்காரர்களுக்கு

பங்குனி பிறந்தால் நம்ம ஊர் வெயில் நமக்குப் பழகிவிடும். ஊரைத் தாண்டினால்தான் வம்பு. காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் சென்னையில் இறங்கினால், அங்கே வெயில் இங்கே அடிப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்கிறது, காயும்போது உடம்புச் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருக்கிறது, வியர்வை காயாமல் அப்படியே வழிகிறது. பெங்களூர் பக்கம் போனாலோ மதியம் வரை வெயில், சாயங்காலம் திடீரென்று இடி மழை. ஏலகிரியில் தங்கினால் ராத்திரி மின்விசிறியை நிறுத்தச் சொல்லும்.

இத்தனைக்கும் ஒரே பையில் துணி வேண்டுமென்றால், போட்டால் குளுமையாக இருக்குமா என்று மட்டும் பார்க்காதீர்கள். நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும் என்று பாருங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். கிளம்பும் வாரத்தில் ஒரு ராத்திரி, எடுத்துப் போக நினைக்கும் துணிகளை நனைத்துப் பிழிந்து, அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போடுங்கள். மொட்டை மாடியில் போட்டுப் பார்த்துப் பிரயோஜனமில்லை, நம்ம ஊர் மாடியில் எதுதான் காயாது! விடிந்ததும் துணியின் நடுவில் தொடாமல் காலர், பாக்கெட்டின் உள்துணி, இடுப்புப் பட்டி, தையல் மடிப்பு இங்கேயெல்லாம் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் அந்தத் துணி வீட்டிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ் இதில் கண்டிப்பாகத் தோற்கும். பெண்கள் புடவையையும் சுடிதாரையும் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு உள்பாவாடையை மறந்துவிடுவார்கள். கெட்டிக் காட்டன் உள்பாவாடை, அதிலும் நாடா போகும் மடிப்பு, புடவை காய்ந்து மடித்து வைத்த பிறகும் சொட்டச் சொட்ட நிற்கும்.

சரி, எந்தத் துணி? காட்டன்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், பாதி உண்மை. மெல்லிய காட்டன் நல்லது. கெட்டிக் காட்டன் வியர்வையைக் குடித்துக் கனத்துப் போய் நாள் முழுக்க ஈரமாகவே உடம்பில் கிடக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும், அந்த அளவு மெல்லியதாக எடுங்கள். லினன் சீக்கிரம் காயும், காற்றும் போகும், விலையும் கசங்கலும் பரவாயில்லை என்றால் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். முழு பாலியெஸ்டர் நொடியில் காய்ந்தாலும் இரண்டாவது நாளே நாற்றம் பிடிக்கும், பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்தான் பாவம். பாலியெஸ்டரும் காட்டனும் கலந்த டெரிகாட்டனைப் பழைய காலத்துத் துணி என்று ஒதுக்கிவிட்டோம். அலுவலக வேலையாகப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் சௌகரியம், கசங்காது, ராத்திரி அலசினால் காலையில் போடலாம். ரேயான் குர்த்தி போட இதமாக இருக்கும், ஆனால் நனைந்தால் நூல் பலவீனமாகிவிடும், அதனால் முறுக்கிப் பிழியாதீர்கள்.

நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும், ஆனால் வெறும் வெள்ளை மழையில் நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு வியர்வைகூடப் பட்டணம் முழுக்கத் தெரியும். சின்னச் சின்னப் பூவோ கட்டமோ போட்டது எல்லாவற்றையும் மறைக்கும். அளவு தளர்வாக, கை அசைத்தால் காற்று உள்ளே போகிற மாதிரி. லெகிங்ஸை இந்த மாதங்களில் விட்டுவிட்டு பலாஸோவுக்கு மாறுங்கள். அதிகம் நடக்கிறவர்களுக்குத் தொடை உரசிப் புண்ணாகும், தொடை வரை நீண்ட உள்ளாடை போட்டால் தப்பிக்கலாம். ஆண்கள் பனியனைத் தவிர்க்க வேண்டாம், கையில்லாத மெல்லிய பனியன் வியர்வையைத் தான் வாங்கிக்கொண்டு சட்டையைக் காப்பாற்றும், அலசுவதும் அதை மட்டும் அலசினால் போதும்.

குடியாத்தம் கைலி ஒன்று கட்டாயம் பையில் போடுங்கள். கட்டிக்கொள்ளலாம், குளித்துவிட்டுத் துவட்டலாம், வியர்த்த சட்டையோடு ஏசி பெட்டியில் ஏறிக் குளிரும்போது போர்த்திக்கொள்ளலாம். ஈரத் துணியை அதில் விரித்துச் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் பாதித் தண்ணீர் போய்விடும், ஓட்டல் அறையில் இது பெரிய உதவி. ஆனால் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குக் கைலியோ அரைக்கால் சட்டையோ போட்டுப் போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிப் போகும்போதும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மழைக்குக் குடைதான். பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் வியர்வையிலேயே நனைந்துவிடுவோம், இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு மட்டும் வேறு வழியில்லை. ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல்தான் என்றாலும் மே மாதத்தில் ஸ்வெட்டர் எல்லாம் வேண்டாம், முழுக்கைச் சட்டை ஒன்று போதும்.

சித்திரை வைகாசியில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டே பேருந்து ஏறாதீர்கள், வியர்வைக் கறை பட்டில் லேசில் போகாது. பருத்தித் துணியில் சுற்றி எடுத்துப் போய் மண்டபத்தில் கட்டுங்கள். கட்டி அவிழ்த்ததும் உடனே மடிக்காமல் நிழலில் காற்றாட விட்டு, அப்புறம் பையில் வையுங்கள்.

கடைசியாகக் கால். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நல்ல தோல் ஷூ செய்கிறார்கள்தான், ஆனால் சாயங்கால மழையில் தோல் நனைந்தால் வெயிலில் வைக்கவும் முடியாது, விறைத்து வெடிக்கும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் விடுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள். கோயில் குளம் என்று சுற்றுகிற பயணமென்றால் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பே போதும், நனைந்தாலும் துடைத்துவிட்டு நடக்கலாம்.