3,200 ரூபாய் பூசணிக்காயும் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டும்

2019-இல் என் வீட்டுக்காரர் ஒரு பூசணிக்காயை 3,200 ரூபாய்க்கு வாங்கினார். மே விடுமுறைக்கு அவர் சொந்த ஊருக்குப் போயிருந்தோம். ஊர்க் கோயிலில் (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். ஆராதனை முடிந்ததும், படைத்த காய், தேங்காய், சேவல், கருப்பட்டி எல்லாம் ஏலத்துக்கு வரும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த விலை பொருளுக்கு இல்லை, கோயிலுக்குப் போகிற காணிக்கை. அதனால்தான் எலுமிச்சம்பழம்கூட ஆயிரத்துக்குப் போகும். சித்தப்பா மகன் ஐநூறு என்றான், இவர் அறுநூறு என்றார். அவன் எண்ணூறு. சுற்றி நின்ற மாமன் மச்சான் எல்லாரும் ஏற்றிவிட்டார்கள். 3,200-இல் அவன் சிரித்துக்கொண்டே விலகிவிட்டான். பூசணிக்காய் எங்கள் மடியில்.

ஜூனில் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணத்திலிருந்து அந்தப் பணம் போனது. என் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பூசணிக்காயை ஒரு வாரம் சாம்பார், கூட்டு, பச்சடி என்று தின்று தீர்த்தோம். இத்தனைக்கும் அவர் வேலை ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுவது. அடுத்தவர் பணத்தில் ஒரு ரூபாய் பிசகாது.

அந்தக் கம்மலை மீட்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில்தான் இந்த நோட்டு ஆரம்பித்தது. நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கும், அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் எதையும் திருத்தாதீர்கள். வெறுமனே எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் தேதி, செலவு, தொகை. போனில் எழுதலாம் என்பார்கள். போன் ஒருவர் கையில் இருக்கும், நோட்டு மேஜை மேல் கிடக்கும். பிள்ளைகளும் புரட்டட்டும் என்றுதான் நோட்டு. எங்களுக்கு அந்த மூன்று மாதத்தில் தெரிந்த விஷயம் கொஞ்சம் வெட்கக்கேடு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு ஆட்டோவில் போயிருக்கிறோம், வாரம் நூறு ரூபாய். காரணம் தூரம் இல்லை. முதல் மணி அடித்த பிறகுதான் எனக்குச் சேலையும் மகளுக்கு ரிப்பனும் நினைவுக்கு வரும். இப்போது இருபது நிமிடம் முன்னால் கிளம்புகிறோம். நானும் மகளும் டவுன் பஸ். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே! அவரும் மகனும் வண்டியில்.

நான்காவது மாதம் பிரியுங்கள். எங்களுக்கு அவர் சம்பளம் 18,500. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன், சராசரியாக 6,500 வரும். ஆக 25,000. பாளையங்கோட்டையில் வாடகை 5,500. மளிகை, பால், காய் 6,500. ரேஷன் அரிசியும், 30 ரூபாய் துவரம்பருப்பும், 25 ரூபாய் பாமாயிலும் வாங்குவதால்தான் இந்தத் தொகைக்குள் நிற்கிறது. ரேஷன் அரிசியை இட்லிக்குப் போட வெட்கப்படுகிற வீடுகள் எனக்குத் தெரியும், அவர்கள் பாடு அவர்களுக்கு. கேஸும் கரண்டும் 1,100. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பில் வராத மாதமும் பாதியை எடுத்து வைத்துவிட வேண்டும். பள்ளிக்கு மாதம் 2,000. பெட்ரோல், போன் 1,500. சேமிப்பு 1,500. கிறிஸ்துமஸுக்கு 1,000. மருந்து, கல்யாண மொய் 1,200. பிள்ளைகள் கைக்கு 400. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, 2,500. எல்லாம் போக 1,800 மிஞ்சும். அதில் ஞாயிற்றுக்கிழமைக் கறி 1,400. கையில் நிற்பது நானூறு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர். கல்யாணப் பத்திரிகை வந்த கவர்களையே திருப்பி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு கவரிலிருந்து இன்னொரு கவருக்குக் கடன் வாங்கலாம், ஆனால் எடுத்த இடத்தில் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். மொய்க் கவரில் எப்போதும் நாலு சீட்டாவது கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் நம்மில் கல்யாணம் வைப்பதில்லை அல்லவா, ஈஸ்டர் முடிந்ததும் பத்திரிகைகள் மொத்தமாக வந்து விழும்.

சேமிப்பு 1,500 இரண்டாகப் பிரிகிறது. மகள் பெயரில் 2016-இல் தபால் அலுவலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். பெண் பிள்ளைக்குப் பத்து வயது ஆவதற்குள் தொடங்கிவிட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். பதினைந்து வருடம் கட்ட வேண்டும். பதினெட்டு வயதானதும் படிப்புக்கென்று பாதி வரை எடுக்கலாம். அதில் மாதம் ஆயிரம். மகனுக்கு அதே தபால் அலுவலகத்தில் ஐந்து வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு), மாதம் ஐநூறு. நூறு ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம்.

இனி தசமபாகம். இதைப் பேசாமல் கிறிஸ்தவ வீட்டுக்கு பட்ஜெட் எழுத முடியாது, பேசினால் யாராவது கோபித்துக்கொள்வார்கள். நாங்கள் முதலில் எடுத்து வைத்துவிடுகிறோம். மிச்சத்தில் கொடுக்கலாம் என்று இருந்த வருடங்களில் மிச்சமே இருந்ததில்லை. கைக்கு வருகிற சம்பளத்தில்தான் கணக்கு, பி.எஃப். பிடித்ததைச் சேர்ப்பதில்லை. அந்த 2,500-இல் 1,750 கோயிலுக்கு, சபை உறுப்பினராகக் கட்டுகிற சங்கக் காணிக்கையும் அதற்குள் அடக்கம். 750 ரூபாய் ஆட்களுக்கு. தெருக்கோடியில் தனியாக இருக்கிற ஒரு பாட்டியின் மாத்திரை, எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனின் பஸ் செலவு. இப்படிப் பிரிப்பது சரியா என்று எங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், கேட்டேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். கடன் வாங்கிக் காணிக்கை போடக் கூடாது. டிவியில் ஒருவர் தோன்றி, ஆயிரம் விதைத்தால் லட்சமாக அறுப்பாய் என்றால் சேனலை மாற்றிவிட வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவே கேட்டிருக்கிறார், லூக்கா 14-இல். ஏலத்துக்கும் இப்போது ஒரு கவர் உண்டு. வருடத்துக்கு ஐநூறு. அது தீர்ந்தால் என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போன மே மாதம் ஒரு தேங்காயோடு திரும்பினார்.

பணமில்லாத மாதத்திலும் கொடுக்க ஒரு வழியை என் அம்மாவிடம் பார்த்தேன். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு மண்கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை. ஒரு பிடி ஐம்பது கிராம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ. நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறேன். எடுத்துப் போடுவது மகன் வேலை. அவன் கை சின்னது என்பதால் இரண்டு பிடி.

கிறிஸ்துமஸ்தான் பெரிய குழி. டிசம்பரில் யோசித்தால் கடன்தான். மாதம் ஆயிரம் வைத்தால் 12,000 சேரும். துணிக்கு 5,000. அதை ஆடித் தள்ளுபடியிலேயே வாங்கிவிடுவேன். மகனுக்கு மட்டும் துணியாக எடுத்து வைத்துவிட்டு, நவம்பரில் அளவெடுத்துத் தைப்பேன். ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவில் பையன் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுகிறான். பலகாரத்துக்கு 2,500. முறுக்கும் முந்திரிக்கொத்தும் வீட்டில்தான். கேக் மட்டும் பேக்கரியில். எதிர்வீட்டிலிருந்து தீபாவளிக்கு அதிரசம் வந்திருக்கும், மேலப்பாளையத்துத் தோழி ரம்ஜானுக்கு பிரியாணி அனுப்பியிருப்பாள். அந்தத் தூக்குவாளிகளை வெறுமனே திருப்பித் தர முடியாது. வீடு வீடாகப் பாட்டுப் பாடி கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கும் பண்டிகைக் காணிக்கைக்கும் 1,500. புதுத்துணி எடுக்க வழியில்லாத ஒரு வீட்டுக்கு ஆயிரம். மீதி 2,000-ஐத் தொடுவதில்லை, அது ஜனவரிக்கு. டிசம்பர் வரை ஜாக்கெட் மலை போலக் குவியும், புது வருட ஆராதனை முடிந்தால் பொங்கல் வரை மெஷின் சும்மா கிடக்கும். என்னைப் போல வருமானம் ஏறி இறங்குகிறவர்கள் நல்ல மாதத்தைப் பார்த்து பட்ஜெட் போடக் கூடாது.

லெந்து நாட்களில் எங்கள் வீட்டில் கறி கிடையாது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ஆறு ஞாயிறு. வாரம் 350 என்றால் 2,100. முன்பெல்லாம் அந்தப் பணம் எங்கே போனதென்றே தெரியாது. கறிக்குப் பதிலாக ஐஸ்கிரீம் வாங்கியிருப்போம். இப்போது ஞாயிறு காலை மகன் அந்த 350-ஐ எண்ணி, கோயிலில் கொடுத்த அட்டை உண்டியலில் போடுகிறான்.

பிள்ளைகள் கைப்பணத்துக்கு வருகிறேன். மகன் ஐந்தாம் வகுப்பு, வாரம் நாற்பது. மகள் ஒன்பதாம் வகுப்பு, அறுபது. சனிக்கிழமை சாயங்காலம் சில்லறையாகத்தான் கொடுக்க வேண்டும். தாளாகக் கொடுத்தால் பிரிக்க முடியாது. மகன் நாற்பதில் நாலு ரூபாய் காணிக்கைக்கு, பத்து ரூபாய் டப்பாவுக்கு, மீதி 26 அவன் இஷ்டம். அந்த 26-ஐப் பற்றி வாயே திறக்கக் கூடாது. மூன்று வாரம் தொடர்ந்து பம்பரம் வாங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிறு பள்ளிக் காணிக்கையை நாம் வாசலில் வைத்து பிள்ளை கையில் திணிக்கிறோமே, அது நம் காணிக்கை, பிள்ளையுடையது இல்லை. இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். மகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் கொடுத்த பத்து ரூபாய்க்குத் தேன்மிட்டாய் வாங்கிவிட்டான். உதட்டில் சிவப்பு. அவனுடைய ஆச்சி உட்கார வைத்து காணிக்கைப் பணத்தில் ஒளித்து வைத்துப் பொய் சொல்லி, அங்கேயே செத்து விழுந்த அனனியா, சப்பீராள் கதையைச் சொல்லிவிட்டார்கள். பையன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. "நானும் செத்துப் போவேனாம்மா?" என்று கேட்டான். பத்து ரூபாய்க்கு அந்தக் கதை வேண்டாம். நான் சொன்னது இவ்வளவுதான்: "மக்கா, அது கோயிலுக்குன்னு சொல்லித் தந்த காசு. உன் டப்பாவிலிருந்து எடுத்து அடுத்த வாரம் போட்டுரு." போட்டான். அதற்குப் பிறகுதான் அவன் காணிக்கையை அவன் பணத்திலிருந்தே எடுக்கும்படி மாற்றினோம். நாலு ரூபாய்தான். ஆனால் தட்டில் விழும்போது அவனுக்குத் தெரிகிறது.

மதிப்பெண்ணுக்கும், வேத வசனம் ஒப்பிப்பதற்கும் காசு கொடுக்காதீர்கள். ஒரு மே மாதம், விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) படிக்கிற வசனம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாய் என்று நானே சொல்லிவிட்டேன். சங்கீதம் 117 முழுவதையும் ஒப்பித்துவிட்டு, இரண்டு வசனம்தானே என்று நான் பத்து ரூபாய் நீட்ட, முழு சங்கீதத்துக்கு வேறு ரேட் என்றாள் மகள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, குடும்ப ஜெபம் முடிந்ததும் பாயை மடக்காமல் நோட்டை நடுவில் வைக்கிறோம். அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் சண்டையில் முடியும். மகள் கூட்டுகிறாள், அவர் சரிபார்க்கிறார், மகன் கவர்களில் பணம் போடுகிறான். சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரியலாமா என்று என் நாத்தனார் கேட்டார்கள். தெரியட்டும். "பணம் இல்லை" என்று நாம் சொல்லும்போது, உண்மையிலேயே இல்லையா, கொடுக்க மனம் இல்லையா என்று பிள்ளைக்குக் குழப்பம் வராது. ஒன்றுமட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்: நோட்டில் இருப்பது வாசல் தாண்டக் கூடாது. குறிப்பாக யாருடைய மாத்திரைக்குக் கொடுக்கிறோம் என்பது.

பிள்ளைகளை உட்கார வைத்தால் அவர்கள் கேள்வியும் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். போன அக்டோபரில் மகளுக்குப் பள்ளியில் சுற்றுலா, 1,400 ரூபாய். நோட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் தசமபாகத்துல குறைச்சா என்னம்மா?" என்றாள். இவர் முகம் மாறியது. நான் அவர் முழங்காலைத் தட்டினேன். வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில், அந்த 2,500-இல் யாருடையதைக் குறைக்கலாம், நீயே சொல் என்று நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பாட்டி மாத்திரையில் விரல் நின்றது, நகர்ந்துவிட்டது. பிறகு கறிக் கணக்கில் வந்து நின்றாள். "நாலு வாரம் கறி வேண்டாம், சரியா வருது."

மகன் அழுதுவிட்டான். அரை மணி நேரம் தாண்டியும் பேச்சு ஓடியது. கடைசியில் இரண்டு வாரக் கறி 700, அவள் டப்பாவிலிருந்து 700 என்று முடிவானது. அந்த இரண்டு ஞாயிறும் முட்டைக் குழம்பு வைத்தேன். சுற்றுலாவிலிருந்து அவள் தம்பிக்கு ஒரு கீ செயின் வாங்கி வந்தாள். அவன் அதை வாங்கிப் பையில் மாட்டிக்கொண்டு, இது எத்தனை துண்டு கறிக்கு ஈடு என்று கேட்டான்.