நோன்புக் கஞ்சிக்கு மாற்று மதத்தாரை அழைக்கும்போது

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் மாமா, மாப்பிள்ளை என்று முறை சொல்லிப் பழகும் குடும்பங்களுக்குள்ளும், அவரவர் கும்பிடுவதைப் பற்றிக் கேட்கத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கம் தீர நோன்பு திறக்கும் வேளை மிக நல்லது.

முதலில் நாளைப் பாருங்கள். 2026, 2027 இரண்டிலும் ரமலானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் சேர்ந்தே வருகின்றன. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் இறைச்சி சாப்பிடுவதில்லை. அமாவாசை, கார்த்திகை நட்சத்திர நாள்களில் விரதம் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவர் என்றால் அவர் கரையில் இருக்கும் நாள்தான் நாள். மொத்தம் 8 முதல் 10 பேர் போதும். அதற்கு மேல் போனால் மைக்கும் சால்வையும் வந்துவிடும், பேச்சு நடக்காது.

பத்துப் பேருக்கு அரைக் கிலோ நொய்யரிசி, 100 கிராம் பாசிப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம், இஞ்சி பூண்டு விழுது, ஒரு தேங்காயின் பால். கறி சேர்க்காத கஞ்சிக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை வேண்டும். "கறியை ஒதுக்கிட்டுக் குடிங்க" என்று சொன்னால், சைவக்காரர் மரியாதைக்கு வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். மறுவருஷம் வரமாட்டார்.

பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு) முன் பேச்சைத் தொடங்காதீர்கள்; நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவரிடம் விளக்கம் கேட்கும் நேரமல்ல அது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, பிறகு மஃரிப் என்னும் மாலைத் தொழுகை. "பத்து நிமிஷத்துல தொழுதுட்டு வந்துர்றோம்" என்று முன்பே சொல்லிவிட்டால் விருந்தினர் முழிக்க மாட்டார்கள். இரவுத் தொழுகையான இஷாவுக்குள் முக்கால் மணி நேரம் நிதானமாகப் பேசலாம்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்க மதத்துல ஏன் இப்படி?" என்றால் ஒரு மனிதர் கோடிக்கணக்கானோருக்காக வாதாட வேண்டியிருக்கும். "முதல் நோன்பு எந்த வயசுல வச்சீங்க மாமா?", "ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல தர்ப்பணம் கொடுக்கையில யாரை நினைச்சுக்குவீங்க?", "ஓரியூர் சர்ச்சுல புனித அருளானந்தர்கிட்ட என்ன வேண்டிக்குவீங்க?" என்று கேளுங்கள். அவரே பேசுவார். எங்கோ நடந்த கலவரச் செய்தியை யாராவது இழுத்தால், "அதைத் தனியா இன்னொரு நாள் பேசுவோம்" என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். விருந்தினர் சொன்னால் சண்டையாகத் தெரியும்.

ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கு இந்துக்களும் திரளாக வருவதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். ஆனால் "எல்லாம் ஒண்ணுதானே" என்று முடித்துவிடாதீர்கள். ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான் மரியாதை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

இந்து, கிறிஸ்தவ வீட்டார் பதிலுக்கு அழைக்கும் விருந்தும் அவசியம். விபூதியை நெற்றியில் பூசிவிடாமல் தட்டை நீட்டுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். படைத்த பிரசாதத்தைப் பல இஸ்லாமியர் உண்பதில்லை, படைக்காத பழம் தனியே இருக்கட்டும். பல கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவருக்கு அனுமதியில்லை. வாசலில் தடுக்கப்படுவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். கத்தோலிக்க ஆலயத்தில் நற்கருணை (அப்பம்) வாங்கும் வரிசையில் பிற மதத்தார் சேரக் கூடாது, இருந்த இடத்திலேயே இருக்கலாம். பெண்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

ஏதாவது சொல் தைத்துவிட்டதாகத் தெரிந்தால், வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்பு எழுதாமல் மறுநாள் காலையே அவர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள்.