புழு மேல் இருப்பது முட்டை இல்லை: ஒட்டுண்ணிக் குளவியை வளர்த்து இனம் காண்பது எப்படி

இலையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு புழு. அதன் உடம்பை ஒட்டி அரிசி மணி போல வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு குவியல். பார்த்தவுடன் "புழு முட்டை போட்டிருக்கு" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் புழு முட்டை போடாது. அது வளர்ந்து வண்ணத்துப்பூச்சியாகவோ அந்துப்பூச்சியாகவோ ஆன பிறகுதான் முட்டையெல்லாம். அந்த மணிகள் ஒவ்வொன்றும் குளவிக் கூடு. 1602இல் இத்தாலியின் உலிசே அல்ட்ரோவாண்டி இந்தக் காட்சியைப் பதிவு செய்தபோது அவரும் முட்டை என்றே நினைத்தார். ஆகவே நீங்களும் அப்படி நினைத்திருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் குளவிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் வலையை எடுத்துக்கொண்டு குளவியைத் துரத்துகிறார்கள். பிடித்ததைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆயிரம் படங்களும் ஒன்றுபோலவே இருக்க, பாதியில் விட்டுவிடுகிறார்கள். நான் சொல்லப்போவது தலைகீழ் வழி. குளவியைத் தேடாதீர்கள், அது தின்ற பூச்சியைத் தேடுங்கள். எதற்குள்ளிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பெயர் கைக்கு வந்த மாதிரி.

தொடங்கும் முன்: யார் இவர்கள்?

பேனும் உண்ணியும் நம் ரத்தத்தைக் குடித்தாலும் நம்மைக் கொல்வதில்லை. ஆள் இருந்தால்தானே அவற்றுக்குச் சாப்பாடு. இந்தக் குளவிகளின் கணக்கு வேறு. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு பூச்சியைத் தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். ஒட்டுண்ணிக்கும் வேட்டையாடிக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பிழைப்புக்கு 1913இல் ஃபின்லாந்தின் ஓ. எம். ராய்ட்டர் 'பாராசிட்டாய்டு' என்று பெயர் வைத்தார். தமிழில் ஒட்டுண்ணிக் குளவி என்ற பெயரே நிலைத்துவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன். வளர்ந்த குளவி பெரும்பாலும் பூந்தேனும், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி கழிக்கும் இனிப்பு நீரும் குடித்து வாழும்.

எறும்பு, தேனீ, குளவி எல்லாம் ஹைமனாப்டிரா என்ற ஒரே வரிசை. அதில் இடை சிறுத்த கூட்டத்துக்கு அப்போக்ரிட்டா என்று பெயர். அந்தச் சிறுத்த இடையால்தான் குளவி வயிற்றை எந்தப் பக்கமும் வளைத்து, நுனியிலுள்ள முட்டையிடும் ஊசியைக் குறி பார்த்துச் செருக முடிகிறது. அதே ஊசிதான் பிற்காலத்தில் தேனீயின் கொடுக்காக மாறியது. பெண் மட்டும் கொட்டுவது ஏன் என்பதற்கும் இதுவே விடை. எறும்பும் தேனீயும் ஒட்டுண்ணிக் குளவிகளின் நடுவிலிருந்து கிளைத்தவை. அதனால் 'ஒட்டுண்ணிக் குளவி' என்பதை ஒரு குலப்பெயராக எடுத்துக்கொள்ளாமல், ஒரு தொழிலின் பெயராக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மம்மி தேடுங்கள்

முதல் முயற்சிக்குப் புழு வேண்டாம். அசுவினி போதும். அசுவினி மொய்த்த தளிர் ஒன்றைக் கண்டுபிடித்து, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் நிதானமாகப் பாருங்கள். பச்சையாக நகர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் ஊதி உருண்டு, பழுப்பு நிறத்தில், காகிதம் போல உலர்ந்து அசையாமல் ஒட்டியிருக்கும். அதுதான் மம்மி. பூச்சியியலாளர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் அஃபிடியஸ் வகைக் குளவியின் குஞ்சு. அது அசுவினியின் அடிவயிற்றைக் கிழித்து, தோலை இலையோடு பட்டு நூலால் ஒட்டி, அந்தத் தோலுக்குள்ளேயே கூடு கட்டிப் படுத்திருக்கும். மம்மி கறுப்பாகவும் ஒல்லியாகவும் இருந்தால் அஃபெலினஸ் வகையாக இருக்கலாம். மம்மி ஒரு சின்ன வெள்ளைக் கூடாரத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தால் அது பிராவோன். பார்த்தீர்களா, குளவி கண்ணில் படும் முன்பே வகைப்படுத்தத் தொடங்கிவிட்டோம்.

அதிர்ஷ்டம் இருந்தால் தாய்க்குளவியையும் பார்க்கலாம். வயிற்றைக் கால்களுக்கு இடையே முன்பக்கமாக மடித்து, தலைக்கு முன்னால் நீட்டி, அசுவினியை ஒரு குத்து. கண் இமைக்கும் நேரத்தில் முட்டை உள்ளே போய்விடும்.

படி 2: குப்பியில் வையுங்கள்

மம்மி ஒட்டியிருக்கும் இலைத் துண்டை மட்டும் கத்தரித்து எடுங்கள். மம்மியைப் பிய்க்காதீர்கள், உடைந்துவிடும். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் டிஷ்யூ காகிதம், வாயில் நெருக்கமாக நெய்த துணி, ரப்பர் பேண்டு. அவ்வளவுதான் செலவு.

மூடியில் ஓட்டை போடவே போடாதீர்கள். முதல் தடவை நான் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, காற்று போகட்டும் என்று பெருமையாக வைத்தேன். நாலாம் நாள் பார்த்தால் மம்மியில் எல்லாம் வட்ட வட்டமாகத் துளை இருந்தது. குளவி ஒன்றுகூட இல்லை. ஆணி ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் நீளக் குளவிக்கு வாசற்கதவு மாதிரி. அடுத்த தடவை மூடியை இறுக்கி மூடினேன், இலை வேர்த்துப் பூஞ்சை பிடித்தது. அப்புறம்தான் துணிக்கு வந்தேன். ஒரே ஒரு மம்மியைத் தனியாகக் கவனிக்க வேண்டுமானால் மருந்து அடைக்கும் வெற்றுக் கேப்ஸ்யூல் அருமையாக உதவும்.

புழுவை வளர்ப்பதாக இருந்தால் அது தின்றுகொண்டிருந்த அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகக் கொடுங்கள், கழிவைத் துடைத்துவிடுங்கள். குப்பியை நேர் வெயிலில் வைக்க வேண்டாம்.

படி 3: காத்திருங்கள்

மம்மியிலிருந்து பொதுவாக ஒரு வாரத்துக்குள் குளவி வந்துவிடும். குளிர் காலத்தில் தாமதமாகும். இந்தச் சும்மா இருக்கும் நாட்களில்தான் பாடத்தின் சுவையான பகுதி உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

சில குளவிகள் முட்டையிடும்போதே இரையை முடக்கிவிடும். அதற்கப்புறம் இரை வளராது, வைத்த இடத்தில் வைத்த சாப்பாடு. மற்றவை, அஃபிடியஸ் போல, இரையை நடமாட விட்டுவிடும். இரை தின்னத் தின்ன, உள்ளே இருக்கும் குஞ்சுக்கும் தீனி பெருகும். முதல் வகைக்கு இடியோபயாண்ட், இரண்டாவதற்குக் கொய்னோபயாண்ட் என்று பெயர். ஆஸ்க்யூ, ஷா என்ற பூச்சியியலாளர்கள் 1986இல் இந்தப் பெயர்களைப் பரவலாக்கினார்கள். என்னைக் கேட்டால் குடும்பப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பிரிவைப் புரிந்துகொள்வது முக்கியம்.

இரண்டாம் வகைக்கு ஒரு சிக்கல் உண்டு. உயிரோடிருக்கும் புழுவின் ரத்தத்தில் காவல் அணுக்கள் உண்டு. வெளியிலிருந்து வந்த முட்டையை அவை சுற்றி வளைத்து, உறை போலப் போர்த்திக் கொன்றுவிடும். இதற்கு பிராகோனிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த சில குளவிகள் வைத்திருக்கும் பதில் ஒரு வைரஸ். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றின் மூதாதையின் மரபணுத் தொகுதிக்குள் ஒரு வைரஸ் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. இன்று அந்த வைரஸ் துகள்கள் பெண் குளவியின் சூலகத்தில் உருவாகி, முட்டையோடு சேர்ந்து புழுவுக்குள் போய், காவல் அணுக்களைச் செயலிழக்க வைக்கின்றன. வைரஸ் இல்லாமல் குளவிக் குஞ்சு பிழைக்காது, குளவி இல்லாமல் வைரஸ் பெருகாது.

இன்னொன்று. உள்ளே வளரும் குஞ்சு கழிவை வெளியேற்றாது. அதன் குடலின் நடுப்பகுதியும் பின்பகுதியும் கடைசி வரை இணையாமலே இருக்கும். தின்று முடித்த பிறகுதான் இரண்டும் சேரும், மொத்தக் கழிவும் ஒரே தடவையில் வெளியேறும். தான் உண்ணும் சாப்பாட்டையே அசுத்தம் செய்யாத ஏற்பாடு.

கோட்டீசியா குளோமெராட்டா என்ற குளவியின் குஞ்சுகள் முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுவைத் துளைத்து வெளியே வந்த பிறகும் அந்தப் புழு உடனே சாகாது. குவியலாக இருக்கும் மஞ்சள் கூடுகளின் மேல் பட்டு நூல் பின்னும், யாராவது நெருங்கினால் தலையை ஆட்டி விரட்டும். தன்னைத் தின்றவர்களுக்கே காவல். காப்பிடோசோமா என்ற பேரினத்தில் ஒரே முட்டை பிரிந்து பிரிந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளாகிறது. அவற்றில் சில வளர்ந்து குளவியாகாமல், போட்டிக்கு வரும் மற்றக் குஞ்சுகளைக் கடித்துக் கொல்லும் சிப்பாய்களாகவே வாழ்ந்து முடிகின்றன.

படி 4: வந்தது குளவிதானா?

புழுவை வளர்த்தவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி. வழவழப்பான பழுப்புப் பீப்பாய் போலக் கூட்டுப்புழு கிடைத்து, அதிலிருந்து முடி முளைத்த தடித்த ஈ வந்தால் அது டாக்கினிட் ஈ. அதற்கும் இதே தொழில்தான், ஆனால் இறக்கை இரண்டே. குளவிக்கு நான்கு.

கொட்டுமா என்ற பயம் வேண்டாம். சின்னக் குளவிகளின் ஊசி நம் தோலில் இறங்காது. இரவில் விளக்குக்கு வரும் நீண்ட ஆரஞ்சு நிறக் குளவிகளைக் கையில் பிடித்தால் மட்டும் ஒரு குத்து விழலாம்.

படி 5: இறக்கையைப் படியுங்கள்

குப்பியை ஜன்னல் பக்கம் காட்டினால் குளவிகள் வெளிச்சத்தை நோக்கி வந்து சேரும். ஒன்றை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து முன் இறக்கையைப் பாருங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், நிறம் ஏமாற்றும்.

இறக்கையில் நரம்பே இல்லாத மாதிரி, முன் ஓரத்தில் ஒரு கோடும் அதிலிருந்து ஒரு சின்னக் கிளையும் மட்டும் இருந்தால் அது கால்சிட் பெருங்குடும்பம். உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும், உடம்பு பல சமயம் உலோகப் பச்சையில் மின்னும். பிற பூச்சிகளின் முட்டைக்குள்ளேயே வளரும் ட்ரைக்கோகிரம்மா இதில்தான் வருகிறது. அது குடியேறிய முட்டை சில நாளில் கறுத்துவிடும். உலகின் மிகச் சிறிய பூச்சியும் இங்கேதான்: டைகோபோமார்ஃபா எக்மெப்டெரிஜிஸ் ஆண், நீளம் 0.139 மில்லிமீட்டர். அதற்கு இறக்கையும் இல்லை, கண்ணும் இல்லை. கால்சிட்டுகளில் குடும்பம் வரை போக ஆரம்பத்தில் முயல வேண்டாம். 2022இல்தான் டெரோமாலிடே என்ற ஒரே குடும்பத்தை இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பிரித்தார்கள். நிபுணர்களே பழைய பட்டியலை அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இறக்கையில் நரம்புகள் அறை அறையாக ஓடி, உணர்கொம்பு பதினாறோ அதற்கு மேலோ கணுக்களோடு நீண்டிருந்தால் இக்னியூமோன் பெருங்குடும்பம். இதற்குள் இரண்டே குடும்பங்கள்தான் உங்களுக்கு வேண்டும். இறக்கையின் வெளிப்பகுதியில், நடுவே குறுக்காக ஓடும் இரண்டாவது திரும்பு நரம்பு இருந்தால் இக்னியூமோனிடே, இல்லாவிட்டால் பிராகோனிடே. விதிவிலக்குகள் குறைவு. இக்னியூமோனிடேயில் மட்டும் 25,000க்கு மேல் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று.

சரி, உங்கள் அஃபிடியஸ் எங்கே வரும்? பிராகோனிடேயில். ஆனால் இந்தப் பிரிவில் நரம்புகள் பாதி அழிந்துபோயிருக்கும், அதனால் இறக்கையை மட்டும் பார்த்தால் குழம்பும். மம்மியிலிருந்து வந்தது என்ற குறிப்பு உங்களைக் காப்பாற்றும்.

படி 6: யார் யாரைத் தின்றது?

ஒரே குப்பியில் இரண்டு வகைக் குளவி வந்தால் பதற வேண்டாம். அசுவினியைத் தின்ற குளவிக் குஞ்சை இன்னொரு குளவி தின்றிருக்கும். மம்மியின் துளையைப் பாருங்கள். அஃபிடியஸ் வெளியேறிய துளை வட்டம் போட்ட மாதிரி ஒழுங்காக இருக்கும், சில சமயம் மூடி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் கட்டக் குளவியின் துளை கொறித்த மாதிரிக் கரடுமுரடாக இருக்கும்.

ஆண் பெண் கணக்கையும் எடுங்கள். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். பொதுவாக ஆண்களே முதலில் வெளிவரும். முதல் நாள் வந்தவற்றை மட்டும் எண்ணிவிட்டு எல்லாமே ஆண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மீதியைச் செடியிலேயே விட்டுவிடலாம். வைத்துக்கொள்ளும் மாதிரியை ஆல்கஹாலில் போட்டு, அன்றைக்கே சீட்டு எழுதுங்கள். பேனா மை கரையும், பென்சில்தான் நிற்கும். என் சீட்டு ஒன்று இப்படி இருக்கும்: "அசுவினி, ரோஜாத் தண்டு. பழுப்பு மம்மி 11, எடுத்தது 4ஆம் தேதி. குளவி 9ஆம் தேதி முதல். வட்டத் துளை 7, கரடு 2. வராதது 2, இன்னும் குப்பியில்."