அரசு ஏவிய குண்டு காரியம் சாதித்ததா? கணக்குப் பார்க்கும் முறை

அரசு ஏவும் பயங்கரவாதம் பலன் தருமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழகிப் பார்க்க கடாஃபியின் லிபியா தோதானது. தேதியும் தொகையும் பதிவில் இருக்கின்றன.

முதலில் இலக்கை எழுதுங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதை வெற்றிக் கணக்கில் சேர்ப்பதுதான் பெரிய பிழை. 1989 செப்டம்பர் 19 அன்று நைஜர் பாலைவனத்துக்கு மேல் பிரான்ஸின் யூடிஏ 772 பயணிகள் விமானம் குண்டு வெடித்து 170 பேர் இறந்தார்கள். லிபியாவுக்கும் சாட் நாட்டுக்கும் நடந்த போரில் பிரான்ஸ் தலையிட்டதற்கு லிபியா தீர்த்த பழி என்பது பரவலான கணிப்பு. அப்படியானால் பார்க்கவேண்டிய இடம் சாட். சண்டைக்குக் காரணமான, இரு நாட்டு எல்லையில் உள்ள அவூசூ நிலப்பட்டையை 1994இல் சர்வதேச நீதிமன்றம் சாடுக்கே கொடுத்தது. லிபியப் படை வெளியேறியது. பழிதீர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் விடை வேறு. ஆகவே 'பழி', 'கொள்கை மாற்றம்' இரண்டுக்கும் கணக்கேட்டில் தனித்தனிப் பத்தி போடுங்கள்.

அடுத்து, கால அளவு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் அமெரிக்கப் பயணிகள் விமானம் குண்டு வெடித்துச் சிதறி 270 பேர் கொல்லப்பட்டனர். 1990இல் கணக்கை மூடியிருந்தால் லிபியாவுக்குச் செலவே இல்லை. லிபியர்கள் மீது குற்றச்சாட்டு வந்ததே 1991 நவம்பரில்தான். 1992இல் ஐநா விமானத் தடை, 1993இல் சொத்து முடக்கம். குறைந்தது பதினைந்து ஆண்டுகள் பாருங்கள்.

செலவுப் பத்தியில் லாக்கர்பிக்கான 2003 இழப்பீடு வரும்: குடும்பத்துக்கு 1 கோடி டாலர் வீதம் 270 கோடி. ஐநா தடை நீங்கினால் 40 லட்சம், அமெரிக்கத் தடை நீங்கினால் 40, பயங்கரவாதப் பட்டியலிலிருந்து பெயர் போனால் 20 என்று தவணை. தடை நீங்கியதை வரவில் எழுதிவிடாதீர்கள். பழைய இடத்துக்குத் திரும்பக் கொடுத்த விலை அது. லிபியாவின் எல்லாக் கஷ்டத்தையும் தடையின் தலையில் கட்டவும் வேண்டாம். எண்ணெய் விலை 1986லேயே சரிந்திருந்தது.

லிபியாவோடு நிறுத்தினால் தீர்ப்பு ஒருபக்கமாகிவிடும். 1983 அக்டோபர் 23, பெய்ரூட்: படைமுகாமில் குண்டு வெடித்து 241 அமெரிக்கப் படையினர் பலி. தனக்குத் தொடர்பில்லை என்று ஈரான் மறுக்கிறது, அமெரிக்க நீதிமன்றம் ஈரானையே பொறுப்பாக்கியது. நான்கே மாதத்தில் அமெரிக்க மரைன் படை லெபனானிலிருந்து கிளம்பிவிட்டது. அதே பத்திகளை நிரப்பினால் இங்கே விடை தலைகீழ். எதிராளிக்கு அந்த மண்ணில் தங்கியே ஆகவேண்டிய கட்டாயம் எவ்வளவு இருந்தது என்று இன்னொரு பத்தி சேர்த்தால் வித்தியாசம் பிடிபடும்.