குறைந்த வாடகை விடுதியில் தங்கி உம்ரா செய்வது: கொங்கு நாட்டிலிருந்து புறப்படும் குடும்பங்களுக்கு

கோவை கரும்புக்கடையிலிருந்து என் அத்தாவையும் அம்மாவையும் உம்ரா எனும் மக்கா புனிதப் பயணத்துக்கு அழைத்துச் சென்றபோது, பயண முகவர் கொடுத்த தாளில் "ஹரம் ஷரீஃபிலிருந்து 600 மீட்டர்" என்று அச்சிட்டிருந்தது. ஹரம் என்பது கஅபாவைச் சூழ்ந்த மஸ்ஜிதுல் ஹராம் பள்ளிவாசல். அந்த அளவில் பொய் இல்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் அஜ்யாத் பகுதியின் செங்குத்தான ஏற்றம் என்பதைத் தாள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முழங்கால் வலியுள்ள அம்மா முதல் நாள் இரவுத் தொழுகையான இஷாவைத் தொழுதுவிட்டு அறைக்குத் திரும்புவதற்குள் வழியில் நான்கு இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து நண்பகல், பிற்பகல் தொழுகைகளான லுஹரையும் அஸரையும் அறையிலேயே தொழுதார்கள். பல வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் அவ்வளவு தூரம் வந்து, மேட்டுக்குக் கீழே கஅபா இருக்க, அறைச் சுவரைப் பார்த்துத் தொழுத வருத்தம் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

விடுதி தேடத் தொடங்கும் முன், உங்களுடன் வருபவர்களில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்று பார்த்து, அவருடைய நடையை அளந்துகொள்ளுங்கள். கோவையில் இருப்பவர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இதற்கு மிகவும் வசதி. அதை ஒரு முறை சுற்றினால் சுமார் 2.5 கிலோமீட்டர் வரும். அம்மா இடையிடையே உட்கார்ந்து எழுந்து அந்தச் சுற்றை முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், 500 மீட்டருக்கு அவருக்கு 12 நிமிடம் தேவை. இனி மக்காவில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கணக்கிடுங்கள். விடியற்காலை ஃபஜ்ருக்குப் போய்த் திரும்புவது, லுஹருக்குப் போய்த் திரும்புவது, அஸருக்குப் போனால் இஷா முடித்துத் திரும்புவது என்று குறைந்தது மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும். விடுதி 500 மீட்டரில் இருந்தால் இதற்கே நாளொன்றுக்கு 3 கிலோமீட்டர் ஆகிறது. 1,200 மீட்டரில் இருந்தால் 7 கிலோமீட்டருக்கு மேல், அம்மாவின் நடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையிலான ஏழு ஓட்டங்களே சுமார் 3 கிலோமீட்டர் என்பதையும், கஅபாவைச் சுற்றும் தவாஃபின் ஏழு சுற்றுகளை மேல்தளத்தில் சுற்றினால் தூரம் பல மடங்காகும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், மலிவான அறையில் மிச்சமாகும் ரியால் யாருடைய காலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது தெரியும்.

முகவர்கள் சொல்லும் தூரம் பெரும்பாலும் ஹரமின் வெளி முற்றத்தின் ஓரம் வரைக்குமானது. அங்கிருந்து வாசலைக் கடந்து, தவாஃப் செய்யும் இடமான மதாஃபை அடைவதற்கே, கூட்டத்தில், வயதானவர்களுக்கு மேலும் பத்து நிமிடம் ஆகும். ஆகவே "எத்தனை மீட்டர்" என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த வாசல் அருகில், வழி சமதளமா ஏற்றமா, இடையில் படிக்கட்டு உண்டா, சக்கர நாற்காலி போகுமா என்று கேளுங்கள். விடுதியின் பெயரைத் தெரிந்துகொண்டு கைப்பேசி வரைபடத்தில் நடைவழியைத் தேர்ந்தெடுத்து நீங்களே பாருங்கள். நேர்கோட்டுத் தூரத்தை நம்ப வேண்டாம். குன்றைச் சுற்றிக்கொண்டு போகும் சாலைகள் மக்காவில் ஏராளம். குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து மேல் குன்னூருக்கு நடந்து ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிக்கனமாகத் தங்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய பகுதி ஹரமுக்குத் தெற்கே செல்லும் இப்ராஹீம் கலீல் சாலையும் அதை ஒட்டிய மிஸ்ஃபலாவும் என்பது என் கருத்து. மிஸ்ஃபலா என்ற பெயருக்கே தாழ்வான பகுதி என்றுதான் பொருள். பள்ளத்தாக்கின் போக்கிலேயே அமைந்திருப்பதால் சாலை பெரும்பாலும் சமமாக இருக்கும். கட்டடங்கள் பழையவை, கூட்டம் அதிகம், ஆனால் நம் நாக்குக்கு ஓரளவு ஒத்துவரும் இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேசச் சாப்பாட்டுக் கடைகள் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. அஜ்யாதில் ஹரமுக்கு மிக அருகில் மலிவான அறைகள் கிடைப்பது உண்மை. இளைஞர்கள் தாராளமாக எடுக்கலாம். சாலை ஏறத் தொடங்கும் இடத்துக்கு முன்பே விடுதி இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். மணிக்கூண்டுக் கோபுரமும் ஜபல் உமர் பகுதியும் நம் கணக்குக்கு அப்பாற்பட்டவை.

அஸீஸிய்யா வேறு வகை. ஹரமிலிருந்து மினா செல்லும் திசையில் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வாடகை மிகவும் குறைவு, அறைகள் விசாலமானவை. ஹஜ் கமிட்டி வழியாகச் சென்றுவந்த நம் ஊர் ஹாஜிகள் பலர் அங்கே தங்கியவர்கள்தாம். விடுதிப் பேருந்து உண்டு என்று சொன்னால், அது எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை வரும், ஹரமிலிருந்து எவ்வளவு தூரத்தில் இறக்கிவிடும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தொழுகை நேரங்களிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பும் ஹரமைச் சுற்றியுள்ள சாலைகளை மூடிவிடுவார்கள். அப்போது பேருந்தும் டாக்ஸியும் நெருங்க முடியாது. அங்கே தங்குபவர்கள் ஒவ்வொரு தொழுகைக்கும் வந்துபோக முயலாமல், ஒரு முறை வந்தால் மூன்று வக்து (தொழுகை நேரம்) இருந்துவிட்டுத் திரும்புவது நல்லது. மஸ்ஜிதுல் ஹராமில் தொழுவதற்கான நன்மை மக்காவைச் சூழ்ந்த புனித நிலப்பரப்பான ஹரம் எல்லை முழுவதற்கும் உண்டு என்று மார்க்க அறிஞர்களான உலமாக்களில் ஒரு சாரார் கூறுகிறார்கள்; அஸீஸிய்யா அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல் ஆகையால், புறப்படும் முன் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பணம் கட்டும் முன் பேக்கேஜ் தாளை ஒரு முறை உரக்க வாசியுங்கள். விடுதியின் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான விடுதி" என்ற வரி இருந்தால், மேலே எழுதிய பெயருக்கு மதிப்பே இல்லை. அதை அடித்துவிட்டு, மாற்ற நேர்ந்தால் இதே தூரத்துக்குள், இதே சமதளத்தில் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மக்காவில் விடுதிகள் அடிக்கடி பெயர் மாறுவதாலும் ஒரே மாதிரியான பெயர்கள் பல இருப்பதாலும், அரபு எழுத்தில் பெயரும் வரைபட இணைப்பும் கேளுங்கள். நீங்களே இணையத்தில் பதிவு செய்வதானால், சவூதியில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு என்பதை மறக்காமல், காட்டும் தொகையில் அது அடங்குமா என்று பாருங்கள். தங்கியவர்கள் அண்மையில் எடுத்த குளியலறைப் படங்களையும், மின்தூக்கி பற்றி எழுதியதையும் தேடிப் படியுங்கள்.

மின்தூக்கியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இரண்டு மின்தூக்கிகள் இருந்தால், ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பும்போது அரை மணி நேரம் வரிசையில் நிற்க நேரிடும். நடந்து வந்ததைவிட அந்த நிற்பதுதான் முதியவர்களை அதிகம் வாட்டும். அதனால் இரண்டாவது, மூன்றாவது மாடியில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சன்னல் வழியே எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

மாதத்தைப் பொறுத்து வாடகை பெரிதும் மாறும். ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் சாதாரண அறைகூடப் பல மடங்கு விலைக்குப் போகும். கையில் பணம் குறைவாக இருந்தால் ஹஜ் முடிந்த பிந்தைய மாதங்களான முஹர்ரம், ஸஃபரில் செல்வது சிக்கனம். ஹிஜ்ரி ஆண்டு ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வருவதால், அந்த மாதங்கள் கோடையில் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மக்காவின் கோடை 45 பாகையைத் தாண்டக்கூடியது. பொள்ளாச்சிக் காற்றுக்குப் பழகிய உடம்பு அந்த வெயிலில் 500 மீட்டரையும் ஒரு கிலோமீட்டராக உணரும்.

நம் பகுதியினர் பெரும்பாலும் நெடும்பாசேரி (கொச்சி) அல்லது சென்னை வழியாகப் புறப்படுகிறோம். ஜித்தாவில் விமானம் காலையில் இறங்கினால், பல விடுதிகளில் மாலை 4 மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்பதால், உம்ராவுக்கான இஹ்ராம் உடையில், தூக்கமில்லாமல், பெட்டிகளோடு வரவேற்பறையில் காத்திருக்க நேரிடும். பெரியவர்கள் உடன் வந்தால் முதலில் மதீனா செல்லும் பயணத் திட்டத்தைக் கேளுங்கள் என்பேன். அங்கே சில நாட்கள் இளைப்பாறி, விடுதியிலேயே குளித்து, இஹ்ராம் தொடங்கும் எல்லையான துல் ஹுலைஃபாவில் நிய்யத் (உம்ராவுக்கான எண்ணம்) வைத்து மக்கா செல்வது உடலுக்கும் மனதுக்கும் எளிது. பெண்களுக்கு மாதவிடாய் வந்துவிட்டால் தவாஃப் செய்ய முடியாது. இஹ்ராமிலேயே அறையில் காத்திருந்து, தூய்மையான பின்னரே உம்ராவை நிறைவேற்ற வேண்டும். ஆகவே மக்காவில் இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும் திட்டம், எவ்வளவு மலிவாக இருந்தாலும், பெண்கள் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தாது.

மலிவான பேக்கேஜில் நான்கு அல்லது ஐந்து கட்டில் போட்ட அறையே கிடைக்கும். ஆண்களை ஓர் அறையிலும் பெண்களை வேறு அறையிலும் தங்க வைப்பார்கள். கணவர்தான் மனைவிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் என்றால் இதை முன்பே யோசியுங்கள். முன்பின் அறியாதவர்களுடன் ஒரே குளியலறையைப் பகிரும்போது, பின்னிரவுத் தஹஜ்ஜுத் தொழுகை நேரத்தில் ஐந்து பேரும் ஒளூ (அங்கசுத்தி) செய்ய நிற்பீர்கள். முதல் இரவே பேசி, யார் எப்போது எழுவது என்று முடிவு செய்துகொண்டால் மனக்கசப்பு வராது. ஈரத் தரையில் முதியவர்கள் வழுக்கி விழுவது அங்கே அடிக்கடி நடப்பது. வழுக்காத ரப்பர் செருப்பு ஒரு ஜோடி தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

இஹ்ராமில் இருக்கும் நேரத்துக்கு அறையில் சில கவனங்கள் தேவை. விடுதி வைத்திருக்கும் சோப்பு, ஷாம்பு, ஈரக் காகிதம் எல்லாம் வாசனை உள்ளவை. அவற்றைத் தொடாமல், வாசனையற்ற சோப்பை ஊரிலேயே வாங்கிச் செல்லுங்கள். ஏசி குளிரில் உறங்கும் ஆண்கள் பழக்கத்தில் போர்வையைத் தலைவரை இழுத்துவிடுவார்கள். இஹ்ராமில் தலையை மூடக் கூடாது என்பதால், படுக்கும் முன்பே குளிரைக் குறைத்து வைப்பது நல்லது.

சாப்பாட்டுக்காக அறையில் அடுப்பு மூட்டுவதை விடுதிகள் அனுமதிப்பதில்லை; தீ விபத்து அபாயம் கருதி நாமும் அதைச் செய்யக் கூடாது. வெந்நீர்க் கெண்டி ஒன்று இருந்தால் கஞ்சிக்கும் சுக்குக் காபிக்கும் போதும். சவூதியில் மின்செருகி மூன்று தட்டை முனை கொண்டது. நம் ஊர் உருண்டை முனைக்கு மாற்றி ஒன்று வேண்டும். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி எடுத்துச் செல்லலாம். ஆனால் கசகசா அந்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது சேர்ந்திருக்கும் என்பது நினைவில் வராமல் போகலாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடுமையான வலி மாத்திரை, தூக்க மாத்திரை உட்கொள்பவர்கள் மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி உடன் வைத்திருக்க வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன், விடுதியின் முகவரி அட்டையை ஆளுக்கொன்று வாங்கிக் கழுத்துப் பையில் வையுங்கள். பின்னர் பெரியவர்களை வாசல் வரை அழைத்துச் சென்று, ஹரமின் எந்த எண்ணுள்ள வாசல் வழியாக நுழைகிறோம் என்பதைக் காட்டி, கூட்டத்தில் பிரிந்தால் அந்த வாசலில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். என் அத்தா இரண்டாம் நாளே பிரிந்துவிட்டார்கள்; அவர்களை அந்த அட்டைதான் அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மதீனாவில் இவ்வளவு கவலை வேண்டாம். நபியின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவியைச் சுற்றியுள்ள மர்கஸிய்யா பகுதி சமதளம், வாடகையும் பொதுவாக மக்காவைவிடக் குறைவு. பெண்களின் தொழுமிடம் மஸ்ஜிதுந் நபவியின் வட பக்கம் இருப்பதால், அம்மா, மனைவியோடு செல்பவர்கள் வட பக்க விடுதியைக் கேட்டு வாங்குங்கள். அப்பள்ளிக்குள் உள்ள சிறப்பிடமான ரவ்ளாவுக்குச் சவூதி அரசின் நுஸுக் செயலியில் நேரம் பதிவு செய்ய வேண்டும். அந்த நேரம் நள்ளிரவாகவும் இருக்கலாம் என்பதால், அங்கும் நடக்கக்கூடிய தூரமே பாதுகாப்பு.

கடைசி நாளில் நண்பகலிலேயே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். விமானம் இரவில் இருக்கும். குழுவாகச் சென்றவர்கள் ஓர் அறையை மட்டும் மாலை வரை வைத்துக்கொண்டு வாடகையைப் பகிர்ந்தால், பெரியவர்கள் படுக்கவும் பெண்கள் ஒளூச் செய்யவும் இடம் இருக்கும். விடைபெறும் தவாஃபை அன்று காலையில், வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். ஜம்ஜம் தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்ட வேண்டாம். விமான நிலையத்தில் கிடைக்கும் 5 லிட்டர் மூடிய பெட்டியை மட்டுமே, உங்கள் விமானச் சீட்டின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.