மேடையில் 'காலங்களில் அவள் வசந்தம்' பாடுவது எப்படி

சென்னையில் எந்த அறுபதாம் கல்யாண வரவேற்பிலும் மாப்பிள்ளை கையில் மைக்கைக் கொடுத்தால் அவர் எடுக்கும் முதல் பாட்டு பெரும்பாலும் இதுதான். சுலபமான பாட்டு என்று நினைத்து எடுக்கிறார்கள், உருகி உருகிப் பாடிக் கெடுக்கிறார்கள்.

முதலில் வரிகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். 1961இல் 'பாவ மன்னிப்பு' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, பாடியவர் பி.பி. ஸ்ரீநிவாஸ். கீதையின் பத்தாவது அத்தியாயத்தில் கண்ணன் 'மாதங்களில் நான் மார்கழி, பருவங்களில் நான் வசந்தம்' என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவானே, அந்த அச்சில் 'நான்' இருந்த இடத்தில் கவிஞர் 'அவள்' என்று வைத்துவிட்டார், அவ்வளவுதான். (சித்திரை வெயிலில் இந்த ஊர்க்காரர்களிடம் வசந்தம் என்றால் அடிக்க வருவார்கள். மார்கழியும் மல்லிகையும் நமக்குச் சரியாக இருக்கும்.)

இப்போது கவனியுங்கள்: பாட்டு முழுக்க அவள், அவள், அவள். பாடுகிறவன் எங்கேயுமே இல்லை. கெஞ்சவில்லை, சத்தியம் செய்யவில்லை, தன் ஏக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசிச் சரணத்தின் கடைசிச் சொல்லில்தான், 'கவிஞனாக்கினாள் என்னை' என்கிற அந்த 'என்னை'யில்தான், ஆள் முதல்முறையாக வெளியே வருகிறான். அறுபது வருஷம் தாண்டியும் கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைப்பது இதனால்தான் என்பது என் கட்சி. ஆகவே முதல் வரியிலேயே குரலை நடுங்கவிடாதீர்கள். ஓவியம், மணிப்புறா, தாலாட்டு, மாங்கனி என்று வருவதையெல்லாம், ஊருக்கே தெரிந்த விஷயத்தை எடுத்துச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். 'என்னை' வரும்போதும் இழுக்க வேண்டாம், லேசாகக் குரலைத் தணித்தால் போதும்.

அப்புறம் உச்சரிப்பு. காலங்களில், கலைகளிலே, மலர்களிலே, மார்கழி, மல்லிகை என்று பல்லவியிலேயே ல, ள, ழ மூன்றும் மாறி மாறி வருகின்றன, ஒன்று வழுக்கினால் முன்வரிசைத் தமிழ் வாத்தியார் முகம் சுளிப்பார். பாடாமல் வெறுமனே வாசித்துப் பழகுங்கள், மெதுவாக. ஸ்ரீநிவாஸின் தாய்மொழி தமிழ் இல்லை, ஆனால் அவர் பாடியதில் ஓர் எழுத்துகூடத் தடுமாறாது.

கட்டையைக் குறைத்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள். கரோக்கி செயலிகளில் சுருதியை மாற்ற வசதி இருக்கிறது, தேவையான அளவு இறக்கினால் உங்கள் பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், இந்தப் பாட்டு அங்கேதான் நிற்க வேண்டும். கத்துகிற பாட்டு இல்லை இது. மைக்கை வாய்க்கு அருகில் வைத்து மெல்லப் பாடும் பாணி. ஆனால் பறவை, பாடல், பால், பனி என்று 'ப'வில் ஆரம்பிக்கிற சொற்கள் வரிசை கட்டி வரும், மைக்கை நேராகப் பிடித்தால் ஒவ்வொன்றும் டப் டப் என்று வெடிக்கும், கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். எக்கோவைக் குறைக்கச் சொல்லி சவுண்ட் சர்வீஸ் தம்பியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அவர்கள் பழக்கதோஷத்தில் முழுசாக ஏற்றி வைத்திருப்பார்கள்.

ஒத்திகைக்கு மூலப் பாட்டையே ஹெட்போனில் கேளுங்கள். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள், யாராவது ஒருவர் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் மூச்சு எடுக்கும் இடங்களைக்கூட யோசித்து வைத்துக்கொண்டுதான் மைக் முன்னால் நின்றிருப்பார்கள். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, நீங்களும் அங்கேயே வாங்குங்கள்.

பாடும்போது மாமியையே வெறித்துப் பார்க்க வேண்டியதில்லை, அவருக்கும் கூச்சமாக இருக்கும். இடையிசை வரும்போது 'எல்லாரும் கை தட்டுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்து குத்துப்பாட்டு வேண்டும் என்று பையன்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள், உங்கள் பாட்டு முடிந்து கொஞ்ச நேரமாவது கழித்துப் போடச் சொல்லிவிட்டு மேடை ஏறுங்கள்.